பால்வாடி டீச்சருக்குப் பக்கத்தில் உட்காருவது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைப் பயிற்சியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, எண்பது அங்கன்வாடி டீச்சர்களைக் கூட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையில் படம் காட்டிப் பேசி, மதியம் சாப்பாடும் போட்டு, கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டால் பயிற்சி முடிந்துவிட்டது என்று நானும் முதல் இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் அதே டீச்சர்களின் மையங்களுக்குப் போய்ப் பார்த்தால், புத்தகம் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது, பிள்ளைகள் வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்து "அ, ஆ" என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் மேல் தப்பில்லை. வலை வீசுவதைக் கரையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து யாரும் கற்றுக்கொண்டதில்லை, படகில் கூட ஏறினால்தான் கை பழகும். இதை அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980-களிலேயே விளக்கி எழுதினார்கள்: கேட்பதும் செய்து காட்டுவதைப் பார்ப்பதும் மட்டும் வகுப்பறைக்குள் வந்து சேர்வதில்லை, பக்கத்தில் ஒருவர் இருந்து, செய்யச் செய்யப் பேசித் திருத்திக்கொண்டால்தான் சேர்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி மண்டபப் பயிற்சியைப் பற்றியது அல்ல. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் இருக்கிற கடலோர மையங்களில் ஒரு டீச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதைப் பற்றியது. நீங்கள் மேற்பார்வையாளராக இருக்கலாம், தொண்டு நிறுவனத்து ஆளாக இருக்கலாம், பல வருடம் டீச்சராக இருந்து இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவராக இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

முதல் படி: போவதற்கு முன் அவருடைய நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பித்தது. அதில் ஆறு சேவைகள். இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி. நாம் பேசப் போவது கடைசி ஒன்றைப் பற்றி. ஆனால் அந்த டீச்சருக்கு ஆறும் ஒரே காலையில் வந்து நிற்கிறது. எடை போட வேண்டும், போஷன் டிராக்கர் என்கிற அரசு செயலியில் ஏற்ற வேண்டும் (பல இடங்களில் சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடப்பார்கள்), சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணி வீட்டுக்குப் போக வேண்டும். இதற்கு நடுவில் தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை வேறு. உதவியாளர் லீவு போட்டால் சமையலும் அவர்தான். இதெல்லாம் தெரியாமல் போய் "ஏன் கதை சொல்லவில்லை?" என்று கேட்டீர்கள் என்றால் அன்றோடு உங்கள் பேச்சு எடுபடாது.

ஊரின் காலக்கணக்கும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்பாக்கள் கரையில் இருக்கும் நாட்கள் அவை, வீட்டில் காசு புழங்காத நாட்களும்கூட. மன்னார் வளைகுடாப் பக்கம், பாம்பன் சின்னப்பாலம் மாதிரி ஊர்களில் அம்மாக்கள் பாசி எடுக்கக் கடலுக்குப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியும் முன்பே கிளம்பிவிட்டால் பிள்ளையை அப்பத்தாவோ அக்காவோ கொண்டுவந்து விடும், சில பிள்ளை பல் விளக்காமல் பசியோடு வந்து உட்காரும். அன்றைக்குப் போய் "குழந்தைகள் கவனம் சிதறுகிறது" என்று குறிப்பு எழுதினால் அந்தக் குறிப்புக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணல் உள்ளே வந்து விழும், ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், அப்போது வெளி விளையாட்டைப் பற்றிப் பேசுவதும் வீண். காலண்டரை வைத்துக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

இரண்டாம் படி: முதல் முறை போகும்போது நோட்டு வேண்டாம்

இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். நோட்டும் வேண்டாம், போனும் பையிலேயே இருக்கட்டும். நோட்டைப் பார்த்ததும் அவருக்கு நீங்கள் ஆய்வுக்கு வந்தவர். உடனே பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, தெரிந்த பாட்டை ஒரு முறைக்கு மூன்று முறை பாட வைப்பார். உங்களுக்கு மையம் தெரியாது, ஒத்திகைதான் தெரியும்.

நாற்காலி போட்டால் மறுத்துவிட்டுப் பாயில் உட்காருங்கள். ஊர் வழக்கப்படி கூப்பிடுங்கள். உங்களைவிட வயதில் மூத்தவர் என்றால் "அக்கா" போதும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் "லாத்தா" என்று கூப்பிட்டால் முகம் மலரும், பொதுவாக எல்லா இடத்திலும் "டீச்சர்" செல்லும். முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒன்று: "நான் பதிவேடு பார்க்க வரலை, உங்களப் பத்தி மேல எழுதிப் போடவும் வரலை." இரண்டு: "ஒரு பிள்ளைக்கு அடி, காயம், ஆபத்து எதையாவது பார்த்தா மட்டும் நான் சும்மா இருக்க முடியாது, அத உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் மேல சொல்லுவேன்." இரண்டாவதை முதல் நாளே சொல்லாமல் விட்டு, பிறகு ஒருநாள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேச வேண்டிய நிலை வந்தால் அவர் உங்களைத் துரோகியாகத்தான் பார்ப்பார்.

நீங்கள் மேற்பார்வையாளராகவே இருந்தால் இது கஷ்டம், ஏனென்றால் பதிவேடு பார்ப்பதும் உங்கள் வேலைதான். அப்படியானால் நாளைப் பிரித்துவிடுங்கள். பதிவேட்டு நாள் வேறு, பக்கத்தில் உட்காரும் நாள் வேறு. ஒரே வருகையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு இலக்கு

சேர்ந்து முடிவெடுத்த இலக்கு, அதை மட்டும் பார்க்கிற கவனிப்பு, பிறகு உட்கார்ந்து பேசுவது. முன்பருவக் கல்வியில் பயிற்சியாளர்கள் பல இடங்களில் பின்பற்றுகிற முறையின் சாரம் இந்த மூன்றுதான். இதில் முதலாவதில்தான் நிறையப் பேர் தவறுகிறோம். பத்து குறை கண்ணில் படும், பத்தையும் சொல்லிவிடத் துடிப்போம். பத்தையும் சொன்னால் டீச்சர் எதையும் செய்ய மாட்டார்.

இலக்கு அவர் வாயிலிருந்து வர வேண்டும். "உங்களுக்கு எது தொந்தரவா இருக்கு?" என்று கேளுங்கள். "கதை நேரத்துல யாரும் உட்கார மாட்டேங்குறாங்க", "புதுசா வந்த பிள்ள அழுகைய நிறுத்தவே மாட்டேங்குது", "பெருசுங்களும் சின்னதுங்களும் ஒண்ணா இருக்கறதால ஒண்ணும் நடத்த முடியல". இதில் ஒன்றை எடுத்து, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக மாற்றுங்கள். "குழந்தைகளோடு நன்றாகப் பழகுவேன்" என்பது இலக்கு ஆகாது. "ஒரு பிள்ளை ஏதாவது கொண்டுவந்து காட்டினால், அதைப் பற்றி இரண்டு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவேன்" என்பது இலக்கு. அதை அவர் கையெழுத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பார்ப்பது

இப்போது நோட்டு எடுக்கலாம். காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை இருந்தால் போதும். எழுத வேண்டியது உங்கள் கருத்து அல்ல, நடந்தது. "டீச்சர் சுறுசுறுப்பாக இருந்தார்" என்று எழுதினால் பிறகு பேச ஒன்றும் இருக்காது. யார் என்ன சொன்னார், அதற்கு என்ன பதில், எவ்வளவு நேரம் காத்திருந்தார். அவ்வளவுதான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கீழக்கரைக்குக் கிட்டத்தில் ஒரு மையம். நாலு வயதுப் பையன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சங்கை எடுத்து நீட்டினான், நுனி உடைந்தது, உள்ளே ஈர மணல்.

"இது என்ன?" என்றார் டீச்சர்.

"சங்கு."

"கெட்டிக்காரன். போய் உட்காரு."

பையன் போய் உட்கார்ந்தான். சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டான். நான் இந்த நான்கு வரியையும் அப்படியே எழுதினேன், வேறொன்றும் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே மையம், அதே பையன், இந்த முறை ஒரு சோழி.

"எங்கடா எடுத்த?"

"கரைல."

டீச்சர் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"எங்க தாத்தா சங்கு குளிக்கப் போவாக. உள்ள போனா மூச்சே விட மாட்டாக. நானும் போவேன்."

அந்த நான்கு விநாடிதான் வித்தியாசம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் நேரத்தை அளந்து பார்த்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்றும் எழுதினார். சிறு குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். பிள்ளை ஒன்றைச் சொல்ல, பெரியவர் அதைப் பிடித்துத் திருப்பிச் சொல்ல, மறுபடி பிள்ளை சொல்ல, இந்த மாறி மாறிப் பேசுவது மூளை வளர்ச்சிக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதற்குக் காசு செலவில்லை, கட்டடம் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

எண்ணுவதற்கு எளிய வழி: ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரே சொல்லில் பதில் வரும் கேள்விக்கு இடப்பக்கம் ஒரு கோடு, பிள்ளை யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விக்கு வலப்பக்கம் ஒரு கோடு. அரைமணி நேரம் போட்டாலே போதும், முதல் நாள் வலப்பக்கம் அநேகமாகக் காலியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள், நம் வீடுகளிலும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: பேசுவது

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு கடலோர ஊரில், பிள்ளையை அழைத்துப்போக அம்மாக்கள் வந்து நின்ற நேரத்தில், "டீச்சர், இப்படிச் சத்தமா அதட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான். ஆனால் அந்த ஊரில் அவர் இருபத்தைந்து வருடமாக டீச்சர், அந்த அம்மாக்களில் இரண்டு பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு நான்கு முறை போனேன், நான்கு முறையும் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேசவில்லை. அந்த மையத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதாகிவிட்டது. பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

ஆகவே பேசும் நேரம், பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு. இடம், யார் காதிலும் விழாத இடம், உதவியாளர் காதிலும். முதலில் அவரைப் பேசவிடுங்கள். இப்படிப் போகும்:

"இன்னைக்குக் கத நேரம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"நல்லாத்தான் போச்சு. அந்தக் கடைசில உட்காந்திருக்க புள்ள மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது."

"ஒரு தடவ தொறந்தா. எழுதி வச்சிருக்கேன், பாருங்க. நீங்க மீன் படத்தக் காட்டுனப்ப 'நகர' அப்படின்னா."

"ஆமாவா? எனக்குக் கேக்கலையே."

"அவ சொல்லும்போதே மத்ததுக எல்லாம் 'மீனு'ன்னு கத்திருச்சு. அவ அடுத்து வாய் தொறந்தா நாம என்ன பண்ணலாம்?"

('நகர' என்றால் நகரை, ஒரு மீனின் பெயர்.) கவனியுங்கள், நான் யோசனை சொல்லவில்லை. அவரே சொன்னார்: "முதல்ல அவகிட்ட மட்டும் கேட்டுட்டு, அப்பறமா எல்லாரையும் கேக்கவா?" அது நான் சொல்லியிருக்கக்கூடியதைவிட நல்ல யோசனை. ஒரு நல்லது, ஒரு கேள்வி, ஒரு அடுத்த அடி. இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, அவருக்கு எழுத்து வேலை காத்திருக்கிறது.

ஆறாம் படி: செய்து காட்டுவது

சில விஷயம் பேசிப் புரியாது. அப்போது "நான் ஒரு பத்து நிமிஷம் செஞ்சு பார்க்கட்டுமா, நீங்க கோடு போடுங்க" என்று நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொதப்பினாலும் பரவாயில்லை, சொதப்பினால் இன்னும் நல்லது, பேச விஷயம் கிடைக்கும். அடுத்த முறை இருவரும் சேர்ந்து, அதற்கடுத்து அவர் தனியாக. போனில் மூன்று நிமிடம் எடுத்து இருவரும் பார்ப்பது நல்ல பலன் தரும், ஆனால் அவர் சம்மதித்தால்தான், பார்த்ததும் அவர் கண்முன்னே அழித்துவிட வேண்டும். பிள்ளைகள் முகம் இருக்கிற படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள்.

எதைச் சொல்லிக்கொடுப்பது

பாடத்திட்டத்துக்குப் பஞ்சமில்லை. நம் மாநிலத்தில் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" இருக்கிறது, ஒன்றிய அரசு மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு "நவசேதனா", மூன்று முதல் ஆறு வரை "ஆதார்ஷிலா" என்று கொண்டுவந்திருக்கிறது. 2022-ல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் விளையாட்டைத்தான் முன்னால் வைக்கிறது. பஞ்சம் எல்லாம் கையில் எடுத்துச் செய்வதில்தான்.

சாமான் கரையிலேயே கிடக்கிறது. சிப்பி, சோழி, பனங்கொட்டை, பனை ஓலை, கிழிந்த வலைத் துண்டு. பெரியது சின்னது பிரிக்கலாம், வரிசையாக அடுக்கலாம், ஓலையில் கோர்க்கலாம். வலையில் முடிச்சுப் போட விரல் பழகினால் பென்சில் பிடிப்பதும் சுலபமாகும். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் வாய்க்குள் முழுசாகப் போகக்கூடிய எதையும் கொடுக்கக் கூடாது. சோழி அழகாக இருக்கிறது என்று எல்லாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், சின்னவர்களுக்குப் பனங்கொட்டை அளவுள்ளதுதான். சிப்பியின் ஓரத்தை முதலில் உங்கள் விரலால் தடவிப் பாருங்கள்.

மொழி விஷயத்தில் டீச்சர்களோடு நிறைய நேரம் செலவழியுங்கள், இந்தக் கரையில் இது பெரிய விஷயம். சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் ஒரு இளைஞர், கீழே "அப்பா". ஒரு முஸ்லிம் பிள்ளை "வாப்பா" என்று சொல்லும், சில வீடுகளில் "அப்பா" என்றால் தாத்தா. அந்தப் பிள்ளை குழம்பவில்லை, படம்தான் குழம்பியிருக்கிறது. மண்டபம் ஊரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிற பிள்ளை "பேந்து கதைக்கிறன்" என்று சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், டீச்சரும் பழக்கதோஷத்தில் "அப்பறமா பேசுறேன்னு சொல்லு" என்று திருத்துவார். இரண்டு நாள் திருத்தினால் மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும். திருத்த வேண்டாம், சேர்த்துக்கொள்ளலாம்: "இவுக வீட்டுல கதைக்கிறதுன்னு சொல்லுவாக, நாம பேசுறதுன்னு சொல்லுவோம்." இதையே ஒரு இலக்காக வைத்து நான் வேலை செய்த மையங்களில் பேசாத பிள்ளைகள் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, "எழுத வச்சீங்களா?" என்று கேட்கும் அம்மா. தனியார் பள்ளி வேன் தெருவுக்குள் வந்துபோகிற காலத்தில் அவர் பயம் நியாயமானது. தமிழ்நாடு அரசே 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்ததற்கு இந்த ஆசைதான் பின்னணி. டீச்சரை "விளையாட்டு வழிக் கல்வி" என்று விளக்கச் சொல்லாதீர்கள், அது எடுபடாது. மாதம் ஒருநாள் அம்மாக்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளை சிப்பியைப் பத்து வரை எண்ணிப் பிரிப்பதையும் கதையைத் திருப்பிச் சொல்வதையும் நேரில் பார்க்கவைக்கச் சொல்லுங்கள். அம்மா பாசிக்குப் போகிற நாள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவியாளரை விட்டுவிடாதீர்கள்

பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலும் டீச்சர் மட்டும்தான் இருப்பார். ஆனால் பிள்ளை கை கழுவுவது, சாப்பிடுவது, ஒன்றுக்குப் போவது, தூங்குவது எல்லாம் ஆயாவோடு. ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசக் கிடைக்கிற நேரம் அவருக்குத்தான் அதிகம். முட்டையை உரிக்கும்போது "உள்ள என்ன கலர் இருக்கும்?" என்று அவர் கேட்டால் அதுவும் பாடம்தான். அவரோடும் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், சமையல் முடிந்த பிறகு, அடுப்படிப் படியிலேயே.

இரண்டு மையம் ஒரு ஜோடி

மாதாந்தரக் கூட்டத்தில் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள், ஆனால் நீங்கள் பேசாதீர்கள். பக்கத்துப் பக்கத்து மையங்களை ஜோடியாக்கி, தான் முயன்ற ஒன்றையும் நடக்காத ஒன்றையும் ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லுங்கள். உங்களால் எல்லா மையத்துக்கும் போக முடியாது, அவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொள்வார்கள்.

திரும்பிப் போவது

இரண்டு வாரத்துக்குள் திரும்பிப் போக வேண்டும், மூன்றாவது வாரம் ஆனால் பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு இலக்குக்கு மூன்று, நான்கு வருகை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை போயும் ஒன்றும் மாறவில்லை என்றால் அவருக்கு மனசில்லை என்று முடிவுகட்டாதீர்கள், இலக்கு பெரிதாக இருக்கும், அல்லது அவர் கையில் இல்லாத ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும். குடிதண்ணீர் லாரி அந்த நேரத்தில்தான் வருகிறது, கூரை ஒழுகுகிறது, நாற்பது பேருக்கு ஒரு ஆள். அதைக் குறித்துக்கொண்டு மேலே சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் சொல்லுங்கள், அடுத்த முறை வரும்போது சொல்லியாயிற்றா இல்லையா என்பதை அவரிடம் தெரிவியுங்கள்.

கிளம்பும் முன் அவர் நோட்டிலும் உங்கள் நோட்டிலும் ஒரே மாதிரி மூன்று வரி இருக்க வேண்டும்: இன்று பார்த்தது, அடுத்து அவர் செய்து பார்க்கப் போவது, நீங்கள் வரும் தேதி. அந்தத் தேதிக்கு முந்தைய நாள் சாயங்காலம் போன் போட்டு, நாளைக்கு எடை போடும் நாளா, தடுப்பூசி நாளா, அம்மாக்கள் கடலுக்குப் போகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, பஸ் ஏறுங்கள்.